இரண்டு பிரஷருக்கும் ஒரே கொப்பி: திருகோணமலை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தில் பிரஷர் கிளினிக் நடத்தும் பொது மருத்துவர்களுக்கும், கண் கிளினிக் நடத்தும் கண் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மருத்துவன் இல்லை. நகரத்து மருந்துக்கடை ஒன்றில் இருபத்தேழு வருடங்களாக நீங்கள் எழுதும் துண்டுகளை வாசித்துக் குளிகை எண்ணிக் கொடுப்பவன். உங்கள் கையெழுத்து உங்கள் வீட்டாரைவிட எனக்கு நன்றாகப் பழகியது என்று சொன்னால் கோபிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் கிண்ணியாவிலிருந்து ஓர் உம்மா வந்தார். "பிரஷர் மருந்து முடிந்துவிட்டது மகன்" என்றார். எந்தப் பிரஷர் உம்மா, உடம்பிலா கண்ணிலா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எல்லாம் ஒரே பிரஷர்தானே? உடம்புக்குக் குளிகை போட்டால் கண்ணுக்கும் சேர்த்துத்தானே இறங்கும்?" என்றார். விசாரித்தால், கண்ணில் விடும் துளி மருந்தை நான்கு மாதமாகத் தொடவே இல்லை. குளிகையை ஒரு நாளும் தவறவிடவில்லையாம். பார்வை நரம்பு மெல்லத் தேயும் நோயான குளுக்கோமாவை நம் ஊரில் யாரும் குளுக்கோமா என்று சொல்வதில்லை. "கண்ணில் பிரஷர்" என்கிறோம். அந்த ஒரு சொல்லை நம்பி அந்த மனுஷி நான்கு மாதப் பார்வையைப் பணயம் வைத்திருக்கிறார்.

இரண்டும் வேறு என்று விளக்கினேன். இரத்தக் குழாய்க்குள் இரத்தம் தள்ளும் தள்ளு ஒன்று. கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் முட்டுவது மற்றது. கண்ணின் அழுத்தம் வழக்கமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும், இரத்த அழுத்தக் குளிகையை விழுங்கினால் அது ஒழுங்காகிவிடாது. உம்மா தலையாட்டிவிட்டுத் துளி மருந்தை வாங்கிக்கொண்டு போனார். நான் சொன்னது சரிதான். ஆனால் முழு உண்மை இல்லை. இரண்டும் வேறு என்றாலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை இல்லை. அந்தத் தொடர்பைப் பற்றித்தான் இந்த மடல். அதை என் அண்ணாவிடமிருந்து படித்தேன். நல்ல முறையில் படிக்கவில்லை.

அண்ணா ஓய்வு பெற்ற பஸ் சாரதி. வெள்ளிக்கிழமை தவறாமல் கோணேசர் கோயிலுக்குச் சைக்கிளில் போவார். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளி, பிரட்ரிக் கோட்டை வாசலைக் கடந்ததும், வழியோரம் படுத்திருந்த மான் ஒன்றின்மேல் நேராகச் சைக்கிளை ஏற்றிவிட்டார். மான் எழுந்து உதறிக்கொண்டு போய்விட்டது. அண்ணாவுக்கு முழங்கையில் தோல் உரிந்தது. கோட்டைக்குள் மான் படுத்திருக்கும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முப்பது வருடம் பஸ் ஓட்டியவருக்கு மான் தெரியவில்லையாம் என்று பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த மாதம் திண்ணைப் படியில் வைத்திருந்த தேநீர்க் கோப்பையைக் காலால் உதைத்தார். அதற்கும் சிரித்தோம். பத்திரிகையை எழுத்துப் பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட மனிதருக்குக் கண்ணில் குறை என்று யார் நினைப்பார்கள்?

பொத்தானைக் கையில் கொடுத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் அழுத்தச் சொல்லும் பரிசோதனையில்தான் விஷயம் வெளிவந்தது. இரண்டு கண்ணின் தாளிலும் கீழ்ப்பாதியில் கரிய திட்டு. அண்ணாவுக்கு அந்த இடம் கறுப்பாகத் தெரியவில்லை. குறைந்த இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் மான் இருந்த இடத்தில் அவருக்கு வெறும் பாதை தெரிந்திருக்கிறது. கண் அழுத்தம் அளந்தார்கள்: 17. வழக்கமான அளவுக்குள்தான். அழுத்தம் உயராமலே பார்வை நரம்பு தேயும் குளுக்கோமா வகை. துளி மருந்து தொடங்கியதும் 14க்கு வந்தது. எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அடுத்த வருடம் கரிய திட்டு பெரிதாகியிருந்தது.

இதற்கிடையில் வேறொரு கிளினிக்கில் அண்ணாவின் இரத்த அழுத்தத்தை நன்றாக இறக்கியிருந்தார்கள். நிபெடிபின் காலையும் இரவும். படுக்கைக்குப் போகும்போது பிரசோசின். இரண்டுமே இரத்தக் குழாயை விரிக்கும் மருந்துகள். பகலில் அளந்தால் மேல் எண் 115. நல்ல பிள்ளை என்று பாராட்டி அனுப்பினார்கள். அந்தக் குளிகைகளை உறைக்குள் போட்டு, "இரவு" என்ற இடத்தில் பேனையால் கோடு போட்டுக் கொடுத்தவன் நான். கண் கிளினிக் கொப்பியைக் கண் கிளினிக்குக்கும், பிரஷர் கிளினிக் கொப்பியைப் பிரஷர் கிளினிக்குக்கும் அண்ணா ஒழுங்காகக் கொண்டுபோனார். ஒன்றைக் கொண்டுபோகும் நாளில் மற்றது வீட்டு அலுமாரியில் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும். அவரிடம் யாரும் மற்றக் கொப்பியைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு துண்டும் என் மேசையில்தான் ஒன்றுசேர்ந்தன. ஒரு நாள்கூட நான் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

கடைசியில் இளம் மருத்துவர் ஒருவர், "ஐயா, இரவில் எழும்பும்போது தலை சுற்றுமா?" என்று கேட்டார். 24 மணிநேரம் கையில் கட்டி அளக்கும் கருவியைப் பொருத்தி அனுப்பினார். பகலில் 115 இருந்த மனிதருக்கு விடியற்காலை மூன்று மணிக்கு 86.

நித்திரையில் இரத்த அழுத்தம் பத்து முதல் இருபது வீதம் வரை இறங்குவது இயல்பு. சிலருக்கு அதற்கும் கீழே போகும். இரவுக் குளிகை அந்தப் பள்ளத்தை இன்னும் ஆழமாக்கலாம். அமெரிக்காவில் அயோவாப் பல்கலைக்கழகத்துக் கண் மருத்துவர் ஹேரே 1994இலேயே இந்த இரவுப் பள்ளத்தையும் பார்வை நரம்பின் சேதத்தையும் சேர்த்து எழுதியிருந்தார். பால்ட்டிமோரில் நடந்த கணக்கெடுப்பு அடுத்த வருடம் இன்னொன்றைக் காட்டியது. இரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணிலிருந்து கண் அழுத்தத்தைக் கழித்தால் 30க்குக் கீழே நிற்பவர்களிடம் குளுக்கோமா ஏறத்தாழ ஆறு மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது.

உங்களுக்கு இது பாலபாடம். இந்த மடலை வாசிக்கும் மற்றவர்களுக்காகத் தம்பலகாமத்து வயலைக் காட்டுகிறேன். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியே வருகிறது. கடைவயலுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் குளத்தில் மட்டம் இருக்க வேண்டும். கடைவயலின் வரம்பும் உயர்ந்திருக்கக் கூடாது. குளத்து மட்டம்தான் இரத்த அழுத்தம். வரம்பு, கண்ணின் அழுத்தம். துளி மருந்து வரம்பைக் கொத்திப் பதிக்கிறது. குழாய் விரிக்கும் மருந்து வாய்க்கால்களை அகலமாக்குகிறது. கடைவயல் வாய்க்காலை மட்டும் அகலமாக்கினால் நல்லதுதான். ஊரிலுள்ள எல்லா வாய்க்காலையும் ஒரேநாளில் அகலமாக்கிவிட்டு, அதே இரவில் குளத்தையும் இறக்கிவிட்டால்? மேல்வயல்காரன் குடித்துத் தீர்க்கக் கடைவயல் வெடிக்கும். பார்வை நரம்பு கண்ணின் பின்சுவரில் இருக்கும் கடைவயல்.

இந்த இரண்டு பக்கமும்தான் ஆய்வுகளில் மாறி மாறி வருகிறது. குழாய் விரிந்தால் நரம்புக்கு இரத்தம் கூடும், பார்வை காக்கும் என்று நம்பியவர்கள் உண்டு. ஜப்பானில் அழுத்தம் உயராத குளுக்கோமா உள்ள ஒரு சிறு குழுவுக்கு நில்வடிபின் என்ற கல்சியம் தடுப்பு மருந்தை (அண்ணாவின் நிபெடிபினும் இந்தக் குடும்பம்தான்) மூன்று வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்றுக் குளிகை எடுத்தவர்களைவிட இவர்களின் பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் காணக்கூடிய பரப்பு, சற்று மெதுவாகத் தேய்ந்தது என்று 2008இல் எழுதினார்கள். அதற்கு ஒரு வருடம் முன்னர், நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் ஊர்மக்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தவர்கள் அதே வகை மருந்து எடுத்தவர்களுக்குக் குளுக்கோமா வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு என்று கண்டார்கள். ஒரே குடும்பத்து மருந்து, இரண்டு எதிர்ப்பட்ட விடைகள்.

பிறகு 2023இல் பிரித்தானியாவின் பயோபாங்க் என்ற பெரிய உடல்நலத் தரவுக் களஞ்சியத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். கல்சியம் தடுப்பு மருந்து எடுப்பவர்களிடம் குளுக்கோமா இருக்கும் வாய்ப்பு 39 வீதம் கூடுதல். கண்ணின் அழுத்தத்தில் மட்டும் வித்தியாசமில்லை. இந்தக் கடைசி வரிதான் என்னை நிமிர வைத்தது. தொடர்பு உண்மையானால் அது வரம்பு வழியாக வரவில்லை. வாய்க்கால் வழியாகவோ, நாம் அறியாத வேறு வழியாகவோ வருகிறது என்றல்லவா பொருள்?

"உண்மையானால்" என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். அது ஒரே நேரத்தில் எடுத்த படம். எது முன், எது பின் என்று படம் சொல்லாது. இரத்த அழுத்தம் உள்ளவருக்குக் குளிகை இல்லாமலே கண் நரம்பு தேயலாம். குளிகை எடுப்பவர் அடிக்கடி மருத்துவரிடம் போவதால் அவருடைய குளுக்கோமா முதலில் அகப்படலாம். அந்த நான்கு லட்சம் பேரில் நம்மைப் போன்ற தோலும் உணவும் உடையவர் மிகச் சொற்பம். அண்ணாவின் கண்ணை அந்தக் குளிகைதான் கெடுத்தது என்று நான் எழுதினால் அது பொய்ச் சாட்சி.

ஆனால் செய்தி நம் ஊருக்கு இப்படியா வந்தது? வாட்ஸ்அப்பில் "பிரஷர் குளிகை கண்ணைக் குருடாக்கும்" என்று வந்தது. அதே கல்சியம் தடுப்புக் குடும்பத்து அம்லோடிபின் என்ற பெயரை நம் ஊரில் பாதி வீடுகளுக்குத் தெரியும். இரண்டு வாரத்தில் மூன்று பேர் துண்டை நீட்டி, "இதில் அம்லோடிபினை மட்டும் விட்டுவிட்டுத் தாருங்கள்" என்றார்கள். இரண்டு பேரைப் பேசிச் சமாளித்தேன். மூன்றாமவர் வேறு கடைக்குப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்து மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். 200க்கு மேல் ஏறி வார்டில் கிடந்துவிட்டு வந்திருந்தார். பக்கவாதம் வராமல் தப்பியது அவருடைய அதிர்ஷ்டம். குளுக்கோமா பார்வையை மெல்ல மெல்லத்தான் தின்னும். கட்டுப்படாத இரத்த அழுத்தத்துக்கு ஒரு பின்னேரம் போதும். அதனால் இதைத் தடித்த எழுத்தில் வாசியுங்கள் என்று எல்லோரையும் கேட்கிறேன்: மருத்துவரைக் கேட்காமல் ஒரு குளிகையையும் நிறுத்தாதீர்கள்.

ஐயாமாரே, அம்மாமாரே, இனி உங்களிடம் வருகிறேன்.

மருந்தை மாற்றுங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. பார்க்கும் முன் கேளுங்கள் என்கிறேன். பிரஷர் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் சீனி வருத்தத்துக்கு இடம் இருக்கிறது, இருதய வருத்தத்துக்கு இடம் இருக்கிறது. கண்ணுக்கும் ஒரு வரி வேண்டும்: குளுக்கோமா உண்டு, இல்லை, இன்னும் பார்க்கவில்லை. கண் கிளினிக் கொப்பியிலும் ஒரு வரி வேண்டும்: என்னென்ன குளிகை, எந்த நேரத்தில். நேரம் முக்கியம். பெயரை மட்டும் எழுதினால் அண்ணாவின் கதை திரும்ப நடக்கும்.

நேரத்தை மாற்றினால் இருதயத்துக்குக் கேடு வருமா என்ற கவலை உங்களுக்கு இருந்திருக்கும். அதற்குப் பெரிய ஆய்வு ஒன்று வழி விட்டிருக்கிறது. பிரித்தானியாவில் 21,104 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்குக் காலையிலும் மறுபகுதிக்கு மாலையிலும் அவர்களுடைய வழக்கமான இரத்த அழுத்தக் குளிகையைக் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எதிலும் பெரிய வித்தியாசமில்லை என்று 2022இல் அறிவித்தார்கள். காலையில் போட்டாலும் இருதயம் அதே அளவுக்குக் காக்கப்படுகிறது என்றால், குளுக்கோமா உள்ள, இரவில் அழுத்தம் ஆழமாக விழுகிற ஒருவருக்கு இரவுக் குளிகையைக் காலைக்கு நகர்த்தலாமா என்று யோசிப்பதில் என்ன நட்டம்? சிலருக்கு இரவில்தான் வேண்டும், அது எனக்கும் தெரியும். எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லவில்லை. துளி மருந்தால் கண் அழுத்தம் நன்றாக இருந்தும் பார்வைப் புலம் தேய்ந்துகொண்டே போகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். அவர்களுக்கு ஒரு முறையாவது 24 மணிநேர அளவை எடுத்துப் பாருங்கள்.

கேட்பது இரு வழியாகவும் நடக்க வேண்டும். மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் முதியவர் ஒருவர் ஒரு பையிலிருந்து டிமோலோல் துளி மருந்துத் துண்டையும், இன்னொரு பையிலிருந்து முட்டு வருத்தத்துக்கான இன்ஹேலரையும் எடுத்து வைத்தார். கண்ணில் விட்ட துளி கண்ணோடு நிற்பதில்லை. உள்மூலை வழியே மூக்குக்கு இறங்கி இரத்தத்தில் கலக்கிறது. டிமோலோல் மூச்சுக் குழாயை இறுக்கும், இருதயத் துடிப்பைக் குறைக்கும். "துளி விட்டால் நெஞ்சு அடைக்கிறது தம்பி, வயதாகிறதுதானே" என்றார். வயதின் தலையில் எவ்வளவு பழிதான் போடுகிறோம்! கண் கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொன்னேன், அன்றே மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். வாயைத் திறந்து கேட்ட நாளில் நடந்த நல்ல காரியம் இது. துளி விட்டபின் கண்ணை மூடி, உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லி எல்லோருக்கும் இப்போது செய்து காட்டுகிறேன். கடையில் வரிசை நீள்கிறது என்று முதலாளி முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும்.

கொப்பியில் ஏறாத மருந்துகளையும் கேளுங்கள். நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கும் நைட்ரேட் குளிகையைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர், தினமும் எடுப்பதில்லை என்பதால் சொல்லமாட்டார். கடை மூலைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, பெயரைச் சொல்லாமல் விரலால் சுட்டிக் கேட்கப்படும் நீலக் குளிகை ஒன்றும் உண்டு. அதுவும் குழாயை விரிக்கும் மருந்துதான். நைட்ரேட்டோடு சேர்ந்தால் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். அதை எந்தக் கொப்பியிலும் நான் கண்டதில்லை. மருத்துவர் கேட்டால் சொல்வார்கள். மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்காமல் இருந்தால் போதும்.

நம்பிக்கை தரும் பக்கமும் குழாய் விரிவிலிருந்தே வந்திருக்கிறது. நைட்ரிக் ஒக்சைட்டு என்ற வாயு இரத்தக் குழாயின் தசையைத் தளர்த்துகிறது; அதே வாயு கண்ணின் வடிகால் வலையையும் தளர்த்திக் கண்நீர் வெளியேற வழி செய்கிறது. அதைப் பயன்படுத்தும் லற்றனோப்ரொஸ்டீன் புனோட் என்ற துளி மருந்துக்கு அமெரிக்கா 2017இல் அனுமதி கொடுத்தது. வாயிலே போட்டு உடம்பு முழுவதையும் தளர்த்தாமல், வேண்டிய வாய்க்காலை மட்டும் திறக்கும் யுக்தி. அமெரிக்கத் தாதியரையும் சுகாதாரப் பணியாளரையும் நீண்டகாலம் பின்தொடர்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், உடம்பில் இந்த வாயுவாக மாறக்கூடிய நைட்ரேட்டை இலைக்கறி வழியாக அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் குளுக்கோமா 20 முதல் 30 வீதம் குறைவாகக் காணப்பட்டது. இதைச் சொன்னதும் அண்ணி, "பொன்னாங்காணி கண்ணுக்கு நல்லது என்று என் அம்மம்மா சொன்னபோது எந்த ஆய்வும் நடக்கவில்லை" என்றார். பொன்னாங்காணியை யாரும் அந்த ஆய்வில் அளக்கவில்லை அண்ணி என்று சொல்லிப் பார்த்தேன். வாரம் மூன்று நாள் சுண்டல் தொடர்கிறது. துளி மருந்தும் தொடர்வதால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு சின்ன ஆசையும் உண்டு. கண்டி மாவட்டத்துத் தோட்டக் கிராமங்களில் முன்பு குளுக்கோமாக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மதுரை அரவிந்த் மருத்துவமனையும் சென்னையில் வேறொரு குழுவும் செய்த கணக்கெடுப்புகளில், குளுக்கோமா இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் தங்களுக்கு அது இருப்பதையே அறியாதிருந்தார்கள். நம் மாவட்டத்தில் புதுக் கருவி எதுவும் வாங்காமல் தொடங்கக்கூடிய ஆய்வு ஒன்று இருக்கிறது: குளுக்கோமா உள்ளவர்களின் இரண்டு கொப்பிகளையும் அருகருகே வைத்து, யார் எந்தக் குளிகையை எந்த நேரத்தில் எடுத்தார், யாருடைய பார்வை எவ்வளவு வேகமாகத் தேய்ந்தது என்று பார்ப்பது. கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. எண்ணவும் எழுதவும் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நோயாளியின் சம்மதமும் உங்கள் கையொப்பமும்தான் வேண்டும். பிரித்தானியாவில் எடுத்த படத்தை வைத்துக் கிண்ணியா உம்மாவுக்குப் பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணாவைக் கேட்பீர்கள். அவருடைய பொது மருத்துவர் இரவுக் குளிகையைக் காலைக்கு மாற்றி எட்டு மாதமாகிறது. இரத்த அழுத்தம் கட்டுக்குள் நிற்கிறது. போன கண் பரிசோதனையில் திட்டு பெரிதாகவில்லை. ஒரு பரிசோதனையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று கண் மருத்துவர் சொன்னார்; சரிதான். கோயிலுக்கு இப்போது என் சைக்கிளின் பின்னால் இருந்துதான் வருகிறார். கோட்டை வாசல் வந்ததும், "மான் நிற்கிறதா பார்" என்கிறார்.

கொப்பியில் அந்த ஒரு வரிக்காக அச்சகத்தையோ அமைச்சையோ எதிர்பார்க்க வேண்டாம். ஓர் இறப்பர் முத்திரை போதும். மேலே "கண்", கீழே மூன்று கட்டம். மற்றதில் "குளிகை", பக்கத்தில் "காலை, இரவு". தமிழிலும் சிங்களத்திலும் வெட்டித் தர முத்திரைக் கடையில் விலை கேட்டுவிட்டேன், செலவு என்னுடையது. உங்கள் கொப்பியின் முதற்பக்கத்தில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் துண்டுகளை வாசிக்கும் மருந்தாளர் ஒருவர்,
திருகோணமலை.